ஆகாசக் கண்ணும் செம்பரம்பாக்கம் ஏரியும்

விஞ்ஞான உலகம்

சென்னைப் பட்டணத்துக் குடும்பங்களில் பத்திரிகை வந்து விழுந்தவுடன் சிலர் தலையங்கத்தைப் பார்ப்பார்கள். சிலர் கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் எல்லாரும் ஒருமுகமாகப் பார்ப்பது ஒரு சின்னஞ்சிறு பெட்டிச் செய்தியைத்தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயரும், ஒவ்வொன்றிற்கும் எதிரே நீர்மட்டம் இத்தனை அடி என்ற இலக்கமும் அதில் இருக்கும். "இவ்வளவு குறைந்து விட்டதே!" என்று சித்திரையில் பெருமூச்சு விடுகிறவர்களே, கார்த்திகை பிறந்ததும் அதே பெட்டியைப் பார்த்து, "ஐயோ, இவ்வளவு ஏறிவிட்டதே!" என்று கலங்குகிறார்கள். பட்டணத்தின் சுகமும் துக்கமும் அந்தப் பெட்டிக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

பெரிய ஏரிகளுக்கு மதகின் அருகே அளவுகோல் நட்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல ஆளும் இருக்கிறார். ஆனால் பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்தில் பருத்திப்பட்டு, அயப்பாக்கம், கொரட்டூர் என்று எத்தனையோ ஏரிகள் உண்டு. அவற்றில் எது நிரம்பியிருக்கிறது, எது வற்றியிருக்கிறது, எந்த ஏரியின் கரை உள்ளே நகர்ந்து கொண்டே வருகிறது என்பதைத் தினந்தோறும் நடந்து பார்க்கிறவர் யார்?

பார்க்கிறதற்கு ஒரு கண் இருக்கிறது. அது தரைக்கு மேலே 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக் கொண்டிருக்கிறது. ஒரு துளி ஜலத்தையும் தொடாமல், "இது தண்ணீர், அது வயல், இது தகரக் கொட்டகை" என்று அங்கிருந்தபடியே அது பிரித்துச் சொல்கிறது. இதற்குத் தொலையுணர்வு என்று பெயர். இந்த வித்தை எப்படி நடக்கிறது, இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு ஸ்தாயி கூட இல்லாத பார்வை

ஏரிக்கும் அந்தக் கண்ணுக்கும் நடுவே தூது போவது மின்காந்த அலை. மின்சக்தியும் காந்தசக்தியும் ஒன்றையொன்று தூண்டிக் கொண்டு, வெட்டவெளியிலும் ஓடக்கூடிய அலை அது. நாம் வெளிச்சம் என்கிறோமே, அது இந்த அலையில் ஒரு வகை. அடுப்பங்கரைத் தணலிலிருந்து முகத்தில் அடிக்கும் அனல் இன்னொரு வகை. ரேடியோவில் பாட்டுக் கொண்டு வருவது மற்றொரு வகை. எல்லாம் வெட்டவெளியில் ஒரே வேகத்தில்தான் செல்கின்றன; விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர். வித்தியாசம் அலையின் நீளத்தில்தான் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளி 0.4 மைக்ரான் நீளமுள்ள ஊதாவில் தொடங்கி 0.7 மைக்ரான் நீளமுள்ள சிவப்பில் முடிந்து விடுகிறது. சங்கீதம் தெரிந்த நேயர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குப் போனால் அதிர்வு இரட்டிப்பாகிறது; அது ஒரு ஸ்தாயி. 0.4-க்கும் 0.7-க்கும் இரட்டிப்புக் கூட இல்லை. அதாவது, ஒளி என்னும் மகா வீணையில் நம் கண்ணுக்கு எட்டுவது ஒரு ஸ்தாயிக்கும் குறைவு! சிவப்புக்கு அப்பால் அகச்சிவப்புக் கிரணங்கள். அதற்கும் அப்பால், 1 மில்லிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை, மைக்ரோ அலைகள். இந்த ஸ்வரங்களையெல்லாம் கேட்கும் கருவிகளைத்தான் ஆகாசக் கண்ணில் வைத்திருக்கிறார்கள்.

மைக்ரோ அலை ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, 1895-ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் சபையோர் முன்னிலையில் அவற்றைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை அடிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டியவர் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ். அவருடைய பிரஸிடென்ஸி காலேஜ் கல்கத்தாவில் இருந்தது. நம் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜின் கதை பின்னால் வருகிறது.

ஏரி ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

ஒரு பொருளின் மேல் கிரணம் விழுந்தால் அதற்கு மூன்று கதிகள் உண்டு. ஒரு பங்கு திரும்பிப் போகும். ஒரு பங்கு உள்ளே புகுந்து உஷ்ணமாக ஜீரணமாகும். ஒரு பங்கு ஊடுருவி அப்பால் செல்லும். மூன்றையும் கூட்டினால் வந்தது முழுவதும் கணக்குச் சரியாக இருக்கும். ஆனால் எந்த அலையில் எந்தப் பங்கு எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதுதான் அந்தப் பொருளின் கையெழுத்து. கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பதுதான் தொலையுணர்வு.

தண்ணீரின் கையெழுத்து மிகவும் தெளிவானது. நீல ஒளியும் பச்சை ஒளியும் தெளிந்த நீரில் வெகு ஆழம் செல்லும். அகச்சிவப்போ உள்ளே போனதும் சிக்கிக் கொள்ளும். 1.6 மைக்ரான் நீளமுள்ள கிரணத்தைச் சில மில்லிமீட்டர் நீரே விழுங்கித் தீர்த்துவிடும். ஆகையால் அகச்சிவப்பில் எடுத்த படத்தில் ஏரி மையைக் கொட்டினாற்போல் கறுப்பாகவும், சுற்றியுள்ள நிலம் வெளுப்பாகவும் இருக்கும். கறுப்புப் புள்ளிகளை எண்ணினால் நீர்ப்பரப்பின் அளவு வந்துவிடுகிறது. புதுவெள்ளம் செம்மண்ணைக் கலக்கிக் கொண்டு வரும்போது, நம் கண்ணுக்கு நீரும் கரையும் ஒரே நிறமாகத் தெரியும். அப்போதும் 1.6 மைக்ரான் படம் ஏமாறுவதில்லை.

2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் புழலும் செம்பரம்பாக்கமும் ஏறக்குறைய வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய வருஷத்துப் படத்தையும் அந்த வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேச தேசாந்தரங்களிலெல்லாம் பத்திரிகைகள் வெளியிட்டன. ஒரு பட்டணத்தின் தாகத்தை உலகம் பார்த்தது ஆகாசக் கண்ணின் வழியாகத்தான்.

ஆகாயத் தாமரையின் மோசம்

இலையின் கையெழுத்து நீருக்கு நேர்மாறானது. இலைப்பச்சை என்னும் வஸ்து நீலத்தையும் சிவப்பையும் உண்டுவிட்டுப் பச்சையை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. அதனால் இலை பச்சை. ஆனால் அகச்சிவப்பை இலை உண்பதே இல்லை. ஏறக்குறையப் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டு மீதியில் பெரும்பங்கைக் கீழே விட்டு விடுகிறது. அந்தக் கிரணத்தைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால், மாந்தோப்பு நம் கண்ணைக் கூசச் செய்யும்!

இதை வீட்டிலேயே பரீட்சை செய்யலாம். டெலிவிஷன் ரிமோட்டின் நுனியிலுள்ள சிறு விளக்கு 0.94 மைக்ரான் அகச்சிவப்பை வீசுகிறது. அந்த நுனியில் ஒரு வெற்றிலையை ஒட்ட வைத்துப் பொத்தானை அமுக்குங்கள். டெலிவிஷன் கட்டளைக்குக் கீழ்ப்படியும். வெற்றிலைக்குப் பதில் ஓர் எவர்ஸில்வர் மூடியைக் கவிழ்த்து இறுக மூடி அமுக்குங்கள், படம் அசையாது. நம் கண்ணுக்குத் திரையாக இருக்கும் இலை, அந்தக் கிரணத்துக்குக் கண்ணாடி ஜன்னல் போல இருக்கிறது.

இந்த வித்தியாசத்தால்தான் பயிரின் செழிப்பை வானத்திலிருந்து அளக்கிறார்கள். சிவப்பில் மங்கலாகவும் அகச்சிவப்பில் பிரகாசமாகவும் இருந்தால் நல்ல பயிர்; இரண்டும் நெருங்கி வந்தால் வாட்டம். நம் தேசத்தில் இந்த வித்தையைத் தொடங்கி வைத்தவர் ஸ்ரீ பி. ஆர். பிஷாரோட்டி. ஸர் ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்ற அவர், 1970-ஆம் வருஷ வாக்கில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் பிலிமில் கேரளத்துத் தென்னந்தோப்புகளைப் படம் பிடித்து, வேர் வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு விஞ்ஞானம் நம் நாட்டில் தென்னை மரத்தடியில் பிறந்தது என்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால் இதிலே ஒரு மோசமும் இருக்கிறது. சாக்கடை கலந்த ஏரியில் ஆகாயத் தாமரை அடர்ந்து படர்கிறது. வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது இலை. இலையின் கையெழுத்தையே போடுகிறது. எனவே ஏரி இருக்கும் இடத்தில் படம் ஒரு பசும்புல் வெளியைக் காட்டும். பெயர் ஆகாயத் தாமரை, ஏமாற்றுவதும் ஆகாயத்தைத்தான்! படத்தில் பசுமையைக் கண்டு "இங்கே ஏரியே இல்லை" என்று ஒருவர் எழுதிவிட்டால், அதன் விளைவு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்தத் துறையில் தேர்ந்தவர்கள், படத்தைப் பார்த்தபின் கால்நடையாகப் போய்த் தரையையும் பார்த்து வர வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

தணலும் தகரமும்

பூமி சூரியனின் ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு நிற்கவில்லை; தானும் ஒளிர்கிறது. உஷ்ணமுள்ள எந்தப் பொருளும் கிரணம் வீசும். உஷ்ணம் ஏற ஏற அலை குறுகும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,800 டிகிரி. அதன் கிரணம் அரை மைக்ரானில் உச்சம் பெறுகிறது. பூமியோ அதே கணக்கில் 300 டிகிரி. அதன் உச்சம் 10 மைக்ரானுக்குச் சற்று முன்னே. உஷ்ணத்தையும் உச்ச அலையையும் பெருக்கினால் இரண்டுக்கும் ஒரே தொகை, 2,900 வரும். (இந்த டிகிரி, பனிக்கட்டி உருகும் நிலையை 273 என்று கொள்ளும் கணக்கு.)

இந்த 10 மைக்ரான் கிரணத்தைப் பார்க்கும் கண்ணுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் நண்பகலில் கனன்று தெரியும். பக்கத்து ஏரி குளிர்ந்து தெரியும். இரவில் காட்சி மாறும். தகரம் சட்டென்று ஆறிவிடும். ஏரியோ பகலில் வாங்கிய உஷ்ணத்தை மெல்ல மெல்லத்தான் விடும். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் ஏன் தகிக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நடுவே இருக்கும் காற்று மண்டலமும் சும்மா இருப்பதில்லை. சில அலைகளை நீராவியும் கரியமில வாயுவும் விழுங்கிவிடும். அவை விழுங்காமல் விட்ட இடைவெளிகளே ஜன்னல்கள். அந்த ஜன்னல்களின் வழியாகத்தான் பார்க்க முடியும். அன்றியும், குறுகிய அலையைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும். அலை பாதியானால் சிதறல் 16 மடங்காகும். வானம் நீலமாக இருப்பதும் இதனால்தான். இப்படிக் காற்று சேர்க்கும் மூட்டத்தைக் கணக்கிட்டுக் கழித்தால்தான் ஏரியின் மெய்யான நிறம் கிடைக்கும். அந்தக் கணக்குக்கு அஸ்திவாரமாக உள்ள நூல்களில் ஒன்றை 1950-ஆம் வருஷத்தில் வெளியிட்டவர் ஸ்ரீ எஸ். சந்திரசேகர், ராமனைப் போலவே சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜின் மாணவர்.

மேகத்துக்கு மேலே ஒரு விளக்கு

இதுவரை சொன்னதெல்லாம் வானம் வெளுத்திருந்தால். நமக்கு ஆபத்து வருவதோ வானம் கறுக்கும்போது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி. ஒரு நாள் மழைக் கணக்கு தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறந்து விடப்பட்டது. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்து அடையாற்றில் பாய்ந்தது. தூங்கப் போனவர்கள் கட்டிலைத் தொட்ட தண்ணீரில் விழித்தார்கள். எத்தனையோ பேர் விழிக்கவேயில்லை. கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் நேர்ந்த விபத்து என்றே சொல்லிற்று.

அந்த நாட்களில் மேகம் மூடியிருந்ததால் சூரிய வெளிச்சத்தை நம்பிய கண்கள் அனைத்தும் குருடாயின. அப்போது உதவியது, 2012 ஏப்ரல் 26-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்மவர்கள் ஏவிய ரிஸாட்-1. அது சூரியனை எதிர்பார்க்காது, தானே 5.6 சென்டிமீட்டர் மைக்ரோ அலையைப் பூமியின் மேல் வீசி, எதிரொலியைக் கேட்கும். மேகத் துளியின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான். அலையோ அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. யானை போகும் வழியில் எறும்பு நிற்பது போலத்தான். அலை தடையின்றி இறங்கிவிடும்.

கீழே அமைதியான நீர் கண்ணாடி போல் இருக்கிறது. சாய்வாக வந்த அலை அப்பால் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. எனவே நீர் கறுப்பு. கரடுமுரடான நிலம் நாலாபுறமும் சிதறடிப்பதால் ஒரு பங்கு திரும்பி வரும், நிலம் வெளுப்பு. வெள்ளத்துக்கு முன் வெளுத்திருந்த வயல் இப்போது கறுத்திருந்தால் அங்கே நீர் நிற்கிறது என்று பொருள்.

இதிலே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கண் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் என்பது, அலை நீளத்தைக் கண்ணின் அகலத்தால் வகுத்தால் தெரியும். ஒளிக்கு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி இருந்தால் 536 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மீட்டர் பொருளைப் பார்க்கலாம். மைக்ரோ அலையோ லட்சம் மடங்கு நீளம். ரிஸாட்டின் 6 மீட்டர் நீள ஏரியலை வைத்துக் கணக்குப் பார்த்தால் 5 கிலோமீட்டர் வருகிறது. பாடியும் அம்பத்தூரும் ஒரே புள்ளியாகிவிடும்! ஆனால் யந்திரம் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கொண்டே இருக்கிறது. வழி நெடுகக் கேட்ட எதிரொலிகளையெல்லாம் நினைவில் வைத்து, பிற்பாடு ஒன்றாகச் சேர்த்தால், சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஏரியல் கேட்டதற்குச் சமமாகும். ஓடுவதனாலேயே கண் பெரிதாகிறது. இந்த உபாயத்தால் 5 கிலோமீட்டர் சில மீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

கண்ணுக்கு எட்டாதது

இவ்வளவு இருந்தும் அந்தக் கண் எல்லாம் அறிந்ததன்று. தெருவில் நீர் நின்றால், நீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி வந்த வழியே திரும்பிவிடும். வெள்ளம் கறுப்பாகத் தெரிவதற்குப் பதில் வெளுப்பாகத் தெரியும். வயல்வெளியில் தெளிவாகப் படிக்கும் கண், வீடுகள் நெருங்கிய தெருவில் தடுமாறுகிறது. காற்றடித்து நீரில் சிற்றலை எழும்பினாலும் குழப்பம்தான்.

அன்றியும் அது ஓடும் கண்; ஒரே இடத்தில் நிற்காது. வெள்ளமோ சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. நின்று பார்க்க வேண்டுமானால் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இன்ஸாட் வரிசைதான் உண்டு. அது அரை மணிக்கொருதரம் படம் அனுப்பும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து மேகக் கூட்டம் தெரியுமே தவிர, மதகு தெரியாது. ஆகவே கடற்கரையிலே இன்னொரு கண் வைத்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தருகே 2002-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட டாப்ளர் ரேடார் 10 சென்டிமீட்டர் அலையை வீசுகிறது. மேகத் துளியை அலட்சியம் செய்யும் அந்த அலை, மழைத் துளியை விடுவதில்லை. துளியின் குறுக்களவு இரட்டித்தால் எதிரொலி 64 மடங்காகும். அதனால் பெருமழை வெகு தூரத்திலேயே காட்டிக் கொடுத்து விடும்.

ஓடும் கண், நிற்கும் கண், கரைக் கண், மதகருகே நிற்கும் ஊழியரின் மனிதக் கண் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பேசிக் கொண்டால்தான் தூங்குகிற குடும்பத்தை நேரத்தில் எழுப்ப முடியும். 2015-ஆம் வருஷத்தில் கண்களுக்குக் குறைவில்லை; கண்டதைக் கதவைத் தட்டிச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் குறைவு.

நம் கையிலுள்ள சாட்சி

பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஸ்ரீ சத்தியமூர்த்தியின் பெயர் வழங்குகிறது. அவர் சென்னையின் மேயராக இருந்தபோது, பட்டணத்தின் தாகத்தைத் தீர்க்க அதற்காக மன்றாடினார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீர் என்பது சுயராஜ்யத்தின் ஒரு பகுதி என்று அறிந்த தலைமுறை அது.

சொந்தக் கண்ணைப் பெறுவதும் அதே காரியத்தின் தொடர்ச்சிதான். 1979-ல் பாஸ்கரா, 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ; 2012-ல் ரிஸாட்; 2022-ல் அதன் வாரிசான இ.ஓ.எஸ்.-04, 2025 ஜூலை 30-ல் அமெரிக்கரோடு கூட்டாகச் செய்த நிஸார். நிஸாரின் 24 சென்டிமீட்டர் அலை தழைகளை ஊடுருவிக் கீழே உள்ளதையும் விசாரிக்கும் வல்லமை உடையது.

ஆனால் தேசத்துக்குக் கண் கிடைத்தால் போதாது. ஜனங்களும் பார்க்கப் பழக வேண்டும். நம்மவர்களின் "புவன்" என்னும் படத் தொகுப்பை 2009 முதல் யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1972 முதல் எடுத்த அமெரிக்க லாண்ட்ஸாட் படங்களும் 2008 முதல் இலவசம். ஆகவே அம்பத்தூரிலோ ஆவடியிலோ குடியிருக்கும் ஒரு காலேஜ் மாணவியோ, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவரோ, தங்கள் ஊர் ஏரியின் ஐம்பது வருஷத்து ஜாதகத்தை மேஜை மேல் விரித்து விடலாம். கிராமப் பதிவேட்டில் "ஏரிப் புறம்போக்கு" என்று எழுதிய சர்வே நம்பரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வரத்துக் கால்வாய் எந்த வருஷம் மறைந்தது, கலங்கலின் வாயில் எந்த வருஷம் கூரை முளைத்தது என்று காட்டலாம். ஆகாயத் தாமரையா, பசும்புல்லா என்ற சந்தேகம் வந்தால் சாயங்காலம் கரை வரையில் நடந்து போய்ப் பார்த்து வரலாம். பிறகு கையெழுத்திட்டு, படத்தையும் இணைத்து, கலெக்டருக்கு ஒரு மனு எழுதலாம்.

வாய்ச் சாட்சி பிறழக் கூடும். காகிதச் சாட்சி கறையானுக்கு இரையாகக் கூடும். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடி வந்து சொன்ன சாட்சியை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது. வடகிழக்குப் பருவக் காற்று வருஷந்தோறும் ஐப்பசியில் வந்துவிடுகிறது. மனுவை ஆவணியிலேயே எழுதிவிடுவது நல்லது.